கூசாத கால்

எங்கள் சித்திக்கு உள்ளங்காலில் கூச்சம் கிடையாது. இதைக் கண்டுபிடித்தது நான்தான். தெருவில் மற்ற எல்லாருக்கும் கூசும். எதிர்வீட்டுக்காரர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. வாசலில் நாற்காலி போட்டு வெயிலில் தூங்கிக்கொண்டிருந்தவர் காலில் துடைப்பக்குச்சியால் ஒரு கோடு இழுத்தேன், மனுஷன் நாற்காலியோடு எழுந்து நின்றார். சித்தியிடம் மட்டும் எதுவும் பலிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தரையில் குப்புறப் படுத்து அவள் வாரப் பத்திரிகை படிக்கும்போது குச்சி, இறகு, பல் தேய்க்கும் பிரஷ், ஐஸ்கட்டி என்று எல்லாம் வைத்துப் பார்த்துவிட்டேன். பக்கத்தைத் திருப்பினாள், அவ்வளவுதான். தற்செயலாகத் திரும்பிப் பார்த்தபோதுதான் கேட்டாள்.

"என்னடி நோண்டிக்கிட்டு இருக்கே அங்கே?"

"உன் காலுக்கு உயிர் இருக்கான்னு பார்க்கிறேன் சித்தி."

"இருக்கு, இருக்கு. உன்னை எட்டி உதைக்கிற அளவுக்கு இருக்கு."

உதைத்தாள். நன்றாகவே வலித்தது.

என் அம்மா வேறு ஊரில் ஒரு பெரிய வீட்டில் வேலைக்குத் தங்கி அந்த வீட்டுக் குழந்தையை வளர்க்கிறாள். அதனால் என்னைச் சித்தி வளர்த்தாள். நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டேன், அல்லது பள்ளிக்கூடம் என்னை விட்டது; இரண்டு தரப்பும் இப்போது அதைப் பற்றிப் பேசுவதில்லை. சித்தப்பா ஒன்பது வருஷத்துக்கு முன்னால் பல்பு வாங்கக் கடைக்குப் போனவர் இன்னும் திரும்பவில்லை. ரெண்டு நாள் பார்த்தாள் சித்தி. மூன்றாம் நாள் தானே போய் ஒரு பல்பு வாங்கிவந்து, ஸ்டூல் போட்டு ஏறி மாட்டி, "வெளிச்சம் வந்தாச்சு, சாப்பிட வா" என்றாள். அவள் அந்த விஷயத்தில் அழுததாக எந்தப் பதிவும் இல்லை.

வேலை சலவைக்கூடத்தில். துணி துவைக்கும் ஃபேக்டரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரி படுக்கை விரிப்பும் ஓட்டல் துண்டும் லாரி லாரியாக வரும். துவைத்துப் பிழிந்த விரிப்பை ஈரத்தோடு பிரித்து, உதறி, ஓரம் பிடித்து, கொதிக்கக் கொதிக்கச் சுற்றும் உருளை இயந்திரத்துக்குள் விட வேண்டும். இந்தப் பக்கம் ஈரக் கந்தலாகப் போவது அந்தப் பக்கம் புது நோட்டுத் தாள் மாதிரி வரும். ஒரு இயந்திரத்துக்கு ஒன்பது பெண்கள். அதற்கு லைன் என்று பேர். சித்தி நாலாம் நம்பர், ஓரம் பிடித்து உருளைக்கு ஊட்டுகிறவள். மற்றவர்கள் விரலில் துணி சுற்றிக்கொண்டு தொடுகிற சூட்டை அவள் வெறும் விரலால் தொடுவாள். லைனில் அவளுக்கு இரும்பு என்று பட்டம். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். வேறு எந்தப் பட்டத்தையும் அவளுக்கு யாரும் கொடுத்ததில்லை.

அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. காலை ஏழு மணிக்குக் கால் மணி நேரம் முன்னால் எல்லா லைனும் வரிசையாக நிற்க வேண்டும். சூப்பர்வைசர் ஒரு நோட்டோடு வருவார். கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும், அதனால் அவர் பேரே விசில்.

"ஒண்ணு?"

"நல்லா இருக்கேன்."

"ரெண்டு?"

"நல்லா இருக்கேன்."

இப்படி ஒன்பது பேரும் சொல்லி, நோட்டில் ஒன்பது கட்டமும் நிரம்பினால், அந்த லைனின் பலகையில் ஒரு எண் கூடும். இருநூறு வேலைநாள் தொடர்ந்து ஒன்பது பேரும் நன்றாக இருந்தால் லைன் முழுவதற்கும் சம்பளத்தோடு ஒரு வாரம் லீவு. ஒருத்தி ஒரு நாள் "முடியலை" என்று சொன்னால், ஒன்பது பேருக்கும் எண் பூஜ்யம். எந்தப் புண்ணியவான் மூளையில் உதித்ததோ தெரியாது. சித்தி வேலைக்குச் சேர்ந்த இந்தப் பதினோரு வருஷத்தில் எந்த லைனும் இருநூறைத் தொட்டதில்லை.

சித்தியின் லைன் போன தடவை நூற்று அறுபத்து மூன்றில் கவிழ்ந்தது. எட்டாம் நம்பர் காய்ச்சலோடு நின்று, நம்பர் கூப்பிடும்போது பதில் சொல்வதற்குப் பதிலாகத் தும்மிவிட்டாள். விசில் நோட்டை மூடினார். அதிலிருந்து அவள் பேர் தும்மல். ஒரு மாசம் யாரும் அவளோடு சேர்ந்து சாப்பிடவில்லை. சித்தியும்தான். "பாவமா இல்லையா?" என்று கேட்டேன். "பாவம்தான். அதுக்காக? மாத்திரையைப் போட்டுட்டு வந்து வாயை மூடிக்கிட்டு நிக்க வேண்டியதுதானே" என்றாள்.

அந்த வருஷம் சித்தி இளைத்தாள். தெருப் பெண்கள் வழிமறித்துக் கேட்டார்கள். "என்னதான் பண்றே, எங்களுக்கும் சொல்லேன்" என்றார்கள். "வேலை பண்றேன்" என்பாள். சீருடையை இரண்டு தரம் பிடித்துத் தைத்தாள். தண்ணீர் குடம் குடமாகக் குடித்தாள். 'தண்ணீர் அதிகம் குடிப்பீர், ஆரோக்கியம் காப்பீர்' என்று கூடத்துச் சுவரில் எழுதியிருக்கிறதாம். விசில் அவளைக் காட்டி மற்றவர்களுக்குப் புத்தி சொன்னாராம், நாலாம் நம்பரைப் பாருங்கள் என்று. உடம்பு இளைக்கிறது, நாக்கு வறள்கிறது, கால் மரத்துப் போகிறது. எங்கள் கண்ணுக்கு அது எப்படிப் பட்டது என்றால், ஒல்லியாகிவிட்டாள், தண்ணீர் குடிக்கிறாள், எதற்கும் கலங்காத கால். ஆரோக்கியத்துக்கு வேறென்ன வேண்டும்?

இனி மூடி விஷயம். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பலகையில் எண் நூற்று எண்பது. மறுநாள் காலை சித்தியின் இடது ஷூவுக்குள் ஒரு சோடா பாட்டில் மூடியைப் போட்டு வைத்தேன். பல் பல்லாக இருக்குமே, இரும்பு மூடி, அது. பல் மேலே பார்க்க வைத்தேன். ஐஸ்கட்டிக்கு மசியாத கால் இதற்காவது துள்ளுமா பார்ப்போம் என்று கதவுக்குப் பின்னால் நின்றேன். சித்தி உட்கார்ந்தாள், காலை விட்டாள், நாடாவை இறுக்கிக் கட்டினாள், எழுந்தாள், "கதவைச் சாத்திக்கோ" என்றாள், போய்விட்டாள்.

சரி, தெரு முனையில் கழற்றி எறிந்திருப்பாள், சாயங்காலம் நமக்கு இருக்கிறது என்று நினைத்தேன்.

இருபது நிமிஷம் நடந்திருக்கிறாள். "நல்லா இருக்கேன்" சொல்லியிருக்கிறாள். ஒன்பது மணி நேரம் நின்றிருக்கிறாள். திரும்ப இருபது நிமிஷம் நடந்து வந்து ஷூவைக் கழற்றினாள். காலுறை சிவப்பாக நனைந்து உலர்ந்திருந்தது. உரித்தால், சுண்டுவிரலுக்குக் கீழே சதைக்குள் மூடி பதிந்து கிடக்கிறது, தபால் முத்திரை குத்தின மாதிரி.

சித்தி அதை வேறு யாருடைய காலையோ பார்ப்பது போலப் பார்த்தாள். "இது எப்போ?" என்றாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். அப்புறம் துடைப்பம் வந்தது. மூன்று அடி வாங்கினேன். நாலாவதுக்குள் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நாள் பூரா நின்னிருக்கேன்டி இதை வச்சுக்கிட்டு!"

"நீ இரும்பு சித்தி."

"இரும்பு மேல இரும்பு!"

இரண்டு பேரும் சுவரில் சாய்ந்து சிரித்தோம், கண்ணில் தண்ணீர் வரும்வரை. ஒருத்தி காலில் மூடி ஏறி நாள் முழுக்கத் தெரியவில்லை என்றால் அது சிரிக்கிற விஷயம் இல்லை என்று எங்கள் வீட்டில் எடுத்துச் சொல்ல ஆள் இல்லை.

சிரித்து முடித்ததும் சித்தி ஒப்பந்தம் போட்டாள். "இன்னும் பத்தொன்பது நாள். என் கால்ல காயம்னு வெளியே ஒரு வார்த்தை போச்சு, மூடி வச்சது யாருன்னு உங்க அம்மாவுக்குப் போன் போகும்."

"நீ சொல்ல மாட்டே."

"சொல்லிப் பாரு, தெரியும்."

நான் வாயை மூடிக்கொண்டேன். சித்திக்காக மூடிக்கொண்டேன் என்று எழுத ஆசைதான். அம்மாவுக்குப் பயந்துதான் மூடிக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்துக் களிம்பு வாங்க மருந்துக்கடைக்குப் போனேன். கடைக்காரருக்கு என்னைத் தெரியும்.

"களிம்பு எதுக்கு? போன தடவை மாதிரி யாரோட கதவுப்பிடியிலயாவது தடவவா?"

"நிஜக் காயம்ண்ணே, சத்தியமா." நடந்ததை நடித்தே காட்டினேன், சித்தி நாடா கட்டுவது, நடந்து போவது, எல்லாம். நல்லாத்தான் நடித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"எத்தனை மணி நேரம் நின்னாங்க?"

"ஒன்பது."

"வலிக்கவே இல்லையா?"

"எங்க சித்தி இரும்புண்ணே."

"இரும்புக்கு வலிக்காது சரி. மனுஷக் காலுக்கு வலிக்கணும்." எடுத்த களிம்பைத் திரும்ப வைத்தார். "தண்ணி நிறைய குடிக்கிறாங்களா?"

"குடம் குடமா."

"இளைச்சிருக்காங்களா?"

"தெருவே கண்ணு வைக்குது."

"சர்க்கரை ஏறியிருக்கும். எத்தனை வருஷமோ, யார் கண்டா. கால் நரம்பு செத்துக்கிட்டு வருது. இன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. விளையாட்டு இல்லம்மா இது."

என்னைப் பார்த்து யாரும் அதுவரை 'அம்மா' போட்டுப் பேசியதில்லை. அதிலேயே பாதி பயந்துவிட்டேன்.

சித்தி பயப்படவில்லை. "ஊர்ல எல்லாருக்கும் வியாதி இருந்தாத்தான் அவனுக்குக் கடை ஓடும்" என்றாள். காலைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, துணி சுற்றிக்கொண்டே பேசினாள். "இத பாரு. வேலைக்குப் போற உடம்பு நல்ல உடம்பு. படுத்தாத்தான் வியாதி. நான் படுத்திருக்கேனா?"

"இல்ல. ஆனா சித்தி..."

"இன்னும் பதினேழு நாள். இப்போ போனா படுக்க வச்சிடுவாங்க. ஒரு வாரம் லீவு வருது. லீவுல போய்த் தலையிலருந்து கால் வரைக்கும் காட்டிக்கறேன், போதுமா? டாக்டர் எங்கேயும் ஓடிப் போக மாட்டார். உங்க சித்தப்பாவா அவர்?"

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? டாக்டரைப் பார்க்க லீவு வேண்டும். லீவு வர, டாக்டரைப் பார்க்காமல் இருக்க வேண்டும். எனக்கு அன்றைக்கு இது நியாயமாகவே பட்டது.

நூற்றுத் தொண்ணூறில் நாற்றம் ஆரம்பித்தது. வீட்டில் நான் ஜன்னலைத் திறந்து வைத்தேன். லைனில் தும்மல்தான் முதலில் கண்டுபிடித்தாள். அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்தாள், கையில் ஒரு மூட்டை. உள்ளே கிழிந்து கழித்த ஆஸ்பத்திரி விரிப்பு, பட்டை பட்டையாக வெட்டி, கொதிக்க வைத்து, உருளையில் விட்டு மடித்தது.

"நம்ம லைன்லயே தேய்ச்சது, இதைவிடச் சுத்தமான கட்டுத்துணி ராஜாவுக்குக்கூடக் கிடைக்காது" என்றாள். சித்தி காலைக் காட்டினாள். தும்மல் குனிந்து பார்த்தாள். "பத்து நாள் தாங்குமா?"

"தாங்கும்."

"எல்லார்கிட்டேயும் நான் பேசிக்கறேன். போன தடவை என்னால போச்சு. இந்தத் தடவை போகக் கூடாது."

பேசினாள். மறுநாளிலிருந்து மூன்றாம் நம்பரும் ஐந்தாம் நம்பரும் சித்தியை ஒட்டி நின்றார்கள், சாய்ந்துகொள்ள வசதியாக. துணிக்கு வாசனை போடும் திரவத்தைத் தரையில் தெளித்தார்கள், விசிலின் மூக்குக்கு. அவள் நடந்து போக வேண்டிய வேலையெல்லாம் மற்றவர்கள் செய்தார்கள். வெறும் வாளியைக் கவிழ்த்துப் போட்டு, விசில் அந்தப் பக்கம் திரும்பினால் உட்கார வைத்தார்கள். எட்டுப் பேரும் சேர்ந்து சித்தியைத் தூக்கிப் பிடித்தார்கள். அவ்வளவு அன்பாக ஒருத்தியை யாரும் சாகடிக்கப் பார்த்து நான் கண்டதில்லை. சித்தி சந்தோஷமாக இருந்தாள், அதுதான் கொடுமை. "என்னை எப்படிப் பார்த்துக்கறாங்க தெரியுமா" என்பாள். இளைத்துப்போன முகத்தில் பல்தான் பெரிசாகத் தெரியும்.

நூற்றுத் தொண்ணூற்று ஐந்தாம் நாள் கட்டு மாற்றும்போது சுண்டுவிரலும் அடுத்த விரலும் கறுத்திருந்தன. கறுப்பு என்றால் அழுக்குக் கறுப்பு இல்லை. அணைந்த கரி மாதிரி. நான் தொட்டேன். "தொட்டியா?" என்றாள் சித்தி, பார்த்துவிட்டு.

அன்று மத்தியான சாப்பாட்டு நேரத்தில் சலவைக்கூட வாசலுக்குப் போனேன். விசில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பல்லைக் குத்திக்கொண்டிருந்தார்.

"சார், நாலாம் நம்பருக்குக் கால் அழுகுது."

"யாரு, நீயா? போன மாசம் என் விசில்ல சோப்புத்தூள் போட்டவதானே நீ? அத்தனை பேர் முன்னாடி நுரை நுரையா வந்துச்சு."

"அது விளையாட்டு சார். இது நிஜம்."

"உன் பேச்சை யார் நம்புவா?" என்றார். பிறகு சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். "தெரியும்."

"தெரியுமா?"

"எனக்கும் மூக்கு இருக்கில்ல. அஞ்சு நாள்தானே, பல்லைக் கடிச்சுக்கிட்டு நிக்கட்டும். இங்கே இருநூறு வந்த முதல் லைன்னு என் நோட்டுலயும் வரும். நீ போய் மேல சொன்னேன்னு வை, லீவு போகும். எட்டுப் பேர் உன் சித்தி மூஞ்சியில முழிக்க மாட்டாங்க. அதைத் தாங்குவாளா அவ?"

கால் போனால் தாங்குவாளா என்று அவர் கேட்கவில்லை. எனக்கும் அப்போது கேட்கத் தோன்றவில்லை. எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது என்கிற விஷயமே என்னை அடித்துப் போட்டுவிட்டது. யாராவது பெரியவர்கள் ஒருத்தருக்குத் தெரிந்தால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

மருந்துக்கடைப் போனிலிருந்து அம்மாவுக்குப் பேசினேன். மூடியிலிருந்து தொடங்கினேன், கறுத்த விரல்வரை சொன்னேன். முடிவில் அம்மா, "நாளைக்குக் குழந்தையைப் பார்த்துக்க ஆளை வச்சுட்டு, சாயங்காலம் வண்டி ஏறுறேன்" என்று மட்டும் சொன்னாள்.

அந்த ஒரு நாளும் சித்தி வேலைக்குப் போனாள். நூற்றுத் தொண்ணூற்று ஆறு.

அடுத்த நாள் காலை காய்ச்சல் கொதித்தது. வீங்கின கால் ஷூவுக்குள் போகவில்லை. சித்தி கத்தரிக்கோலை எடுத்து ஷூவின் முன்பக்கத்தை வெட்டிக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் அம்மா உள்ளே வந்தாள், பையைக்கூடக் கீழே வைக்காமல்.

"அதைக் கீழே போடு."

"நாலு நாள்தான்க்கா. நாலே நாள்."

"நாலு நாளா, நாலு பேரா? இன்னும் கொஞ்சம் விட்டா உன்னைத் தூக்கறதுக்கு நாலு பேர் வேணும்டி."

"அக்கா, அவங்க எல்லாரும் எனக்காக..."

"வண்டி வெளியே நிக்குது. நடக்கறியா, நான் தூக்கட்டுமா?"

சித்தி என்னைப் பார்த்தாள். காட்டிக்கொடுத்துட்டியே என்று கேட்கிற பார்வை. அதற்குத் துடைப்பமே தேவலை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சின்ன வயசுப் பெண். கண்ணுக்குக் கீழே கருவளையம். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சின்ன மெஷினில் வைத்தார்கள். மெஷின் எண்ணே காட்டவில்லை, எண்ணுக்கு மேலே போய்விட்டதாம். பிறகு டாக்டர் தூண்டில் நரம்புத் துண்டு மாதிரி ஒன்றை எடுத்தார்.

"கண்ணை மூடிக்கங்க. இதை உங்க கால்ல அங்கங்கே வைப்பேன். படும்போதெல்லாம் 'ஆமா'ன்னு சொல்லுங்க."

சித்தி கண்ணை மூடினாள். டாக்டர் கட்டைவிரலில் வைத்தார். சித்தி பேசவில்லை. குதிகாலில் வைத்தார். பேசவில்லை. எடுத்துவிட்டார். காற்றில் சும்மா பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஆமா" என்றாள் சித்தி.

டாக்டர் அசையவில்லை.

"ஆமா, இப்பவும் தெரியுது."

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சித்தி வரிசையில் நிற்பது போலவே விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். கால்களில் எதுவும் தொடாத நேரமாகப் பார்த்து, கொஞ்சம் இடைவெளி விட்டு, நம்பும்படியாக, "ஆமா... ஆமா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். டாக்டர் வலது காலுக்கும் போனார். அங்கேயும் அதே கதை.

"போதும்மா, கண்ணைத் திறங்க."

"எல்லாம் சரியாச் சொன்னேனா?"

"எத்தனை நாளா இந்தக் காயம்?" டாக்டர் எங்களைத்தான் கேட்டார்.

"ரெண்டு வாரத்துக்கு மேல" என்றேன்.

"முதல்லயே வந்திருந்தா..." என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார். விஷம் மேலே ஏறிவிட்டது, விரலை மட்டும் எடுத்துப் பிரயோஜனம் இல்லை, முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும், நாளைக்குக் காலையிலேயே, என்றார். தனியாகக் கூப்பிட்டு நான் மூடியைப் பற்றிச் சொன்னபோது, "மூடி இல்லைன்னா ஒரு கல்லு, ஒரு ஆணி. அந்தக் கால் எதுக்கோ காத்துக்கிட்டுதான் இருந்துச்சு" என்றார். நல்ல மனசுக்காரி. ஆனால் கல் தானாக நடந்து வந்து ஷூவுக்குள் ஏறி, பல்லை மேலே வைத்துப் படுத்துக்கொள்ளாது.

சாயங்காலம் விசில் வந்தார். விசிலைச் சட்டைக்குள் போட்டிருந்தார். கையில் ஒரு தாள். அன்று காலை நாலாம் நம்பர் கட்டத்தை அவர் காலியாகவே விட்டு வைத்திருந்தாராம்.

"நேத்தோட நீயா வேலையை விட்டுட்டதா ஒரு கையெழுத்து. அப்படின்னா லைன்ல எட்டுப் பேர்னு ஆகும். எட்டுப் பேரும் நல்லா இருக்காங்க. எண் நிக்கும். இல்லைன்னா பூஜ்யம்." கட்டிலைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். "உன் இஷ்டம்தான். அவங்க யாரும் கேக்கச் சொல்லலை."

"போடாதே சித்தி" என்றேன்.

சித்தி தாளைப் படித்தாள், மேலிருந்து கீழ்வரை, உதடு அசைய. பதினோரு வருஷத்தை மூன்று வரியில் எழுதியிருந்தார்கள். "என் கால் போகுது சரி" என்றாள். "அவங்க வாரம் எதுக்குடி போகணும்? தும்மல் ஒருத்தியாவது நிம்மதியாச் சாப்பிடட்டும்." கையெழுத்துப் போட்டாள். விசில் தாளை மடித்துக்கொண்டார், பேனாவையும் மறக்காமல் வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலை காலை எடுத்தார்கள்.

பலகை இருநூறைத் தொட்டது. எட்டுப் பேருக்கும் லீவு வந்தது. அந்த வாரம் ஒவ்வொரு நாளும் ஒருத்தி சித்தியைப் பார்க்க வந்தாள், கடைசி நாள் இரண்டு பேர். தும்மல்தான் முதலில் வந்தாள். விரிப்பு சட்டென்று தட்டையாகிற இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உக்காரேன்" என்றாள் சித்தி. விரிப்பின் ஓரத்தை விரலால் தேய்த்துப் பார்த்தாள். "இது நம்ம கூடத்துதுதானே? யார் மடிச்சது இதை, கோணக் கோணயா?"

"நான்தான்" என்றாள் தும்மல். அப்புறம் கட்டில் கம்பியில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். சித்தி அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள், கால் போனது அவளுக்குத்தான் என்கிற மாதிரி. லீவு எப்படி இருக்கிறது என்று கேட்டாள். "தூக்கமே வரலை" என்றாள் தும்மல்.

நான் அந்த எட்டுப் பேரையும் வெறுக்கப் பார்த்தேன். விசில் விஷயத்தில் முடிந்தது. அவர்கள் விஷயத்தில் முடியவில்லை. வெறுத்தால் என்னையும் சேர்த்து வெறுக்க வேண்டும். அம்மா மூடியைப் பற்றி இன்றுவரை என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஒரு அறை விட்டிருக்கலாம்.

இப்போது எட்டு மாசம் ஆகிறது. சித்தி இரண்டு கட்டைகளை அக்குளில் வைத்து வீட்டுக்குள் நடக்கிறாள். தெருப் பெண்கள் இளைக்கிற ரகசியம் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். அம்மா மறுபடி அந்தக் குழந்தையிடம் போய்விட்டாள். காலையும் சாயங்காலமும் சர்க்கரைக்கு ஊசி நான்தான் போடுகிறேன். மிச்சம் இருக்கிற காலை தினமும் ஒரு தரம் வெளிச்சத்தில் வைத்து, கண்ணாடி பிடித்து, விரல் இடுக்கு, குதி, பாதம் எல்லாம் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அந்தக் கால் பேசாது, அதற்குப் பதிலாக நீதான் பேச வேண்டும் என்றார். முதல் வாரம் சித்தி காலைக் கொடுக்கவே மாட்டேன் என்றாள். வெட்கமாம். பிறகு கொடுத்தாள், முகத்தை மட்டும் சுவர்ப்பக்கம் வைத்துக்கொண்டு.

இப்போது தெருவில் யாராவது கல் குத்தி "ஐயோ" என்று உட்கார்ந்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. என்ன அருமையான கால், உடனே சொல்லிவிடுகிறதே என்று.

நேற்று காலை பார்க்கும்போது குதிகால் ஓரத்தில் ஒரு சிவப்பு. பயறு அளவுதான். அழுத்தினால் போகவில்லை.

"சித்தி, இங்கே சிவந்திருக்கு."

"கட்டில் சட்டம் பட்டிருக்கும். ஞாயித்துக்கிழமை பார்க்கலாம்."

"இப்பவே போறோம்."

"ஏய், அடுப்புல உலை இருக்குடி."

அடுப்பை அணைத்தேன். கட்டைகளை எடுத்து நீட்டினேன். "கொலைகாரி, ராட்சசி, உன்னைப் பெத்தவளைச் சொல்லணும்" என்று வண்டி ஏறும்வரை திட்டினாள். வண்டியிலும் திட்டினாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நல்ல கூட்டம். பெஞ்சில் பக்கத்தில் இருந்த அம்மாள் சித்தியின் ஒற்றைக் காலைப் பார்த்துவிட்டு, பாவப்பட்டு விசாரித்தாள். "இந்தக் கால்ல என்னம்மா, ரொம்ப வலிக்குதா?"

"வலிக்கலை" என்றாள் சித்தி. கொஞ்சம் யோசித்தாள். "அதான் வந்திருக்கோம்."

அந்த அம்மாளுக்குப் புரியவில்லை. எங்களுக்கு முன்னால் இன்னும் இருபத்தெட்டுப் பேர் இருந்தார்கள். தரை ஈரமாகக் கிடந்தது. நான் அந்தக் காலைத் தூக்கி என் மடியில் வைத்துக்கொண்டேன்.